அடி விழுந்தால் நமக்கு வலிக்க வேண்டும்

சென்ற இதழில் கேம்களை வைத்து எடுக்கும் படங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், ‘பெரும்பாலும் ஏமாற்றம்’ என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திட்டியவர்கள் பாதி, ‘ஆமாம், ஏன் இப்படி ஆகிறது?’ என்று கேட்டவர்கள் மீதி. அதனால் இந்த முறை முழுக்க அதே பேச்சுதான். சண்டைப் படங்களைப் பற்றி வந்த கேள்விகளையும் சேர்த்துக்கொண்டேன், இரண்டுக்கும் நோய் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: கதை ரெடி, பெயர் ரெடி, கோடிக்கணக்கான ரசிகர்கள் ரெடி. அப்படியிருந்தும் கேமைப் படமாக எடுத்தால் ஏன் ஊற்றிக்கொள்கிறது?

என் தம்பி சின்ன வயதில் கார் ரேஸ் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். திரையில் கார் இடது பக்கம் வளைந்தால் அவன் உடம்பும் இடது பக்கம் சாயும். தோள் சாயும், தலை சாயும், சில நேரம் கண்ட்ரோலரையே ஸ்டியரிங் மாதிரி திருப்புவான். அப்படித் திருப்பினால் எதுவும் ஆகாது, பொத்தானை அழுத்தினால்தான் கார் திரும்பும், அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்காது. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நானும் சேர்ந்து சாய்ந்திருப்பேன்.

எனக்கு கேம் என்றால் அந்தச் சாய்வுதான். கதையும் உடையும் ஆயுதமும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்தும் விரலில் நிற்பது நாம் அதில் என்ன செய்தோம் என்பது. தாவினோம், ஒளிந்தோம், தோட்டாவை எண்ணி எண்ணிச் சுட்டோம், செத்தோம், திரும்பவும் அதே இடத்திலிருந்து ஆரம்பித்தோம். பள்ளியில் படித்த இலக்கணப்படி சொன்னால் அத்தனையும் வினைச்சொற்கள். படமெடுக்க வருகிறவர்கள் பெயர்ச்சொற்களை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இதற்கு முதல் உதாரணமே மாரியோதான். 1981-ல் ‘டாங்கி காங்’ கேமில் அந்தக் குட்டி மனிதர் முதலில் வந்தபோது அவருக்கு வைத்த பெயர் ‘ஜம்ப்மேன்’, அதாவது தாவுகிறவன். பெயரே வினைச்சொல். 1993-ல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ படம் வந்தது. சிவப்பு, பச்சை உடை இருந்தது, பிளம்பர் வேலை இருந்தது, டைனோசரில் இருந்து வளர்ந்த மனிதர்கள் வாழும் இருண்ட நகரம் ஒன்று இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. தாவல்? அதற்கு ஒரு எந்திர பூட்ஸைக் காலில் மாட்டிவிட்டார்கள். தாவுகிறவனிடமிருந்து தாவலைப் பிடுங்கி பூட்ஸிடம் கொடுத்தாயிற்று. படம் போட்ட பணத்தையே எடுக்கவில்லை. மாரியோவாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில், தான் செய்ததிலேயே மோசமான வேலை அதுதான் என்றார்.

அப்புறம் 2023-ல் அதே மாரியோ அனிமேஷனாக வந்தார். அதில் ஒரு பயிற்சிக் காட்சி வரும். தடைகள் நிறைந்த ஒரு பாதை, மாரியோ தாவுகிறார், விழுகிறார், அடிபடுகிறார், எழுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், இருட்டும் வரை இதேதான். கேம் விளையாடிய யாருக்கும் அந்த எரிச்சலும் பிடிவாதமும் தெரியும். விளையாடாதவருக்கும் அந்த ஆள் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். 136 கோடி டாலர் வசூல். குழந்தைகள் கூட்டமும் அந்தப் பெயர் மேல் எல்லோருக்கும் இருக்கும் பாசமும் அதில் பெரும்பங்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கதை ரொம்பச் சாதாரணமானதுதான். ஆனால் வினைச்சொல் கைவிட்டுப் போகவில்லை.

கேள்வி: அப்படியானால் விளையாடுகிறவர் கண்ணில் தெரிவது போலவே கேமராவை வைத்து எடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

எடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2005-ல் வந்த ‘டூம்’ படத்தில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் அப்படியே கேமில் பார்ப்பது போல, துப்பாக்கி மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு வரும். ரசிகர்கள் கைதட்டினார்கள், நானும்தான். ஐந்து நிமிடம் என்பதால் தாங்கியது. ‘ஹார்ட்கோர் ஹென்றி’ என்று 2015-ல் ஒரு படம், முழுப் படமும் கோ-புரோ கேமராவைத் தலையில் மாட்டி எடுத்தது. உழைப்பு அசாத்தியம். ஆனால் அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கேமில் பார்வை திரும்புவது என் கட்டைவிரல் திருப்பியதால். அங்கே யாரோ என் தலையைப் பிடித்து அவர் இஷ்டத்துக்குத் திருப்புகிறார். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உடம்புக்கு இரண்டும் வேறு வேறு. இதைவிட மோசம், 2003-ல் ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ படத்துக்கு நடுவே நிஜ கேமின் துண்டுக் காட்சிகளையே ஒட்டியிருந்தார்கள்.

கேம் விளையாடும் உணர்வை அப்படியே கொடுத்த படம் ஒன்று சொல்லுங்கள் என்றால் எந்தக் கேமிலிருந்தும் எடுக்காத ஒரு படத்தைத்தான் சொல்வேன்: 2014-ல் வந்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’. ஜப்பானிய நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. போருக்கே லாயக்கில்லாத ஒரு அதிகாரி போர்க்களத்தில் சாகிறார், அதே நாளின் காலையில் விழிக்கிறார், திரும்பச் சாகிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு அடி கூடுதலாக முன்னேறுகிறார். எந்தப் பக்கம் குனிய வேண்டும், எப்போது உருள வேண்டும் என்று மனப்பாடம் ஆகிறது. கேமரா வெளியேதான் நிற்கிறது, கண்ணுக்குள் போய் உட்காரவில்லை. ஆனால் ஒரு லெவலை நாற்பது முறை விளையாடித் தோற்றவருக்கு வரும் அந்த அலுப்பும், பிறகு மெல்ல வரும் அந்தத் தேர்ச்சியும் அப்படியே இருக்கிறது. வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு பெயர்ச்சொற்களை விட்டுவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தப் படம்தான் சாட்சி.

இதற்கு நேர் எதிர் 2016-ன் ‘அசாசின்ஸ் கிரீட்’. அந்தக் கேமில் நீங்கள் செய்வது என்ன? பழைய நகரங்களின் சுவர்களில் ஏறுவது, கூட்டத்தில் கலந்து மறைவது, கோபுர உச்சியிலிருந்து குதிப்பது. படத்துக்காக ஒரு ஸ்டண்ட் கலைஞர் உண்மையாகவே சுமார் 125 அடி உயரத்திலிருந்து கயிறு இல்லாமல் குதித்தார். உயிரைப் பணயம் வைத்த வேலை அது. ஆனால் படத்தில் பாதிக்கு மேல் இன்றைய காலத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குள்தான் ஓடுகிறது, அங்கே ஓர் எந்திரம் கதாநாயகனைத் தன் முன்னோரின் நினைவுகளுக்குள் அனுப்புகிறது. 15-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் வெட்டிவிட்டு, எந்திரக் கையில் தொங்கிக்கொண்டு காற்றில் கத்தி வீசும் ஆளைக் காட்டுகிறார்கள். குதித்தவர் குதித்தது வீணாகிப் போனதே என்று எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

கேள்வி: எனக்கு 58 வயது. இப்போது வரும் சண்டைக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. கண்ணா, படமா, எதில் கோளாறு?

உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை ஐயா, தைரியமாக இருங்கள். 2014-ல் வந்த ‘டேக்கன் 3’-ல் கதாநாயகன் ஒரு கம்பி வேலியைத் தாண்டிக் குதிப்பார். ஆறேழு நொடி வேலை. அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கட். கை, கால், வேலி, கை, முகம், வேலி என்று மாறி மாறி வரும். ஓர் ஆள் வேலி தாண்டுகிறார் என்ற ஒற்றைச் செய்தியை அந்தத் துண்டுகளில் இருந்து நாமே கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது ஒரு நோய் மாதிரி பரவியது. ‘பார்ன்’ படங்கள் கேமராவை ஆட்டி, வேகமாக வெட்டி ஒரு பதற்றத்தைக் கொண்டு வந்தன, அதில் 2007-ல் வந்த மூன்றாவது படம் எடிட்டிங்குக்கு ஆஸ்கரே வாங்கியது. அங்கே கதாநாயகனே குழப்பத்தில் ஓடுகிறவன், அவனுக்கு அது பொருந்தியது. பின்னால் வந்தவர்களில் பலர், நடிகருக்கு அடிக்கத் தெரியாததை மறைக்க அதே ஆட்டத்தைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் வேகமாக வெட்டுவதே குற்றம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ 2015-ல் வந்தது, இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 ஷாட். கணக்குப் போட்டால் ஒரு ஷாட்டுக்கு மூன்று நொடிகூட வராது. ஆனால் அதைப் பார்த்து யாரும் குழம்பிப்போனதாக நான் கேட்டதில்லை. காரணம் எளிமையானது. இயக்குநர் ஜார்ஜ் மில்லர் முக்கியமானது எதுவோ அது சட்டத்தின் (ஃப்ரேமின்) நடுவிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஒரு ஷாட்டில் நடுவில் முகம், அடுத்ததில் நடுவில் துப்பாக்கி, அடுத்ததில் நடுவில் சக்கரம். நம் கண் தேடி அலைய வேண்டியதே இல்லை, வைத்த இடத்திலேயே நிற்கும். சுமார் 3,500 படங்களாக முழுக் கதையையும் முதலிலேயே வரைந்து வைத்திருந்தார்கள். எடுத்து வந்த 480 மணி நேரக் காட்சிகளை உட்கார்ந்து கோத்தவர் மார்கரெட் சிக்ஸல், அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது திரையின் நடுவில் ஒரு விரலை நீட்டி வைத்துக்கொண்டு பாருங்கள், பத்தில் எட்டு முறை விஷயம் அந்த விரலுக்குப் பின்னால்தான் இருக்கும். நான் செய்து பார்த்தேன், வியந்துபோனேன்.

ஜாக்கி சான் வழி இன்னொன்று. அடிக்கும் கையும் அடி வாங்கும் ஆளும் ஒரே சட்டத்தில் இருப்பார்கள். அடி விழுந்ததை அந்த இடத்திலேயே நீங்கள் பார்த்தாயிற்று, நம்ப வைக்க வேறு வித்தை தேவையில்லை. 1985-ல் வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யில் ஒரு கடை வளாகத்தின் நடுவே விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து சறுக்கி இறங்குவார், கண்ணாடி உடையும். அதைப் பல கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். உண்மையாகச் செய்தவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஒரு சண்டையில் மூன்று விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இவன் எங்கே நிற்கிறான், எங்கே போய்ச் சேர வேண்டும், நடுவில் என்ன இருக்கிறது. இந்தோனேசியாவில் எடுத்த ‘தி ரெய்டு’ படத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், மேலே வில்லன், கீழே போலீஸ். மேலே போக வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மாடியும் ஒரு லெவல். கேமை வைத்து எடுக்கவே இல்லை, ஆனாலும் முக்கால்வாசி கேம் படங்களைவிட அது கேம்.

கேள்வி: பணத்தைக் கொட்டினால் நல்ல ஆக்‌ஷன் படம் கிடைக்குமா?

மேலே சொன்ன ‘தி ரெய்டு’ எடுத்த செலவு சுமார் 11 லட்சம் டாலர். ‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ 2001-ல் வந்தது, 13.7 கோடி டாலர் செலவு, வசூல் சுமார் 8.5 கோடி, அதை எடுத்த கம்பெனியின் சினிமாப் பிரிவையே மூட வேண்டி வந்தது. கதாநாயகியின் தலையில் 60,000 முடிகளைத் தனித்தனியாக அசைய வைத்தார்கள். அந்த முடிகளை இன்றும் என்னால் நினைவுபடுத்த முடிகிறது, அவள் எதற்காக ஓடினாள் என்பது மறந்துபோய்விட்டது. அந்தக் கேமை உருவாக்கிய சகாகுச்சியேதான் படத்தையும் இயக்கினார் என்பது கூடுதல் வருத்தம்.

கேள்வி: சண்டைப் படத்துக்குக் கதை எதற்கு? நாங்கள் சண்டை பார்க்கத்தானே போகிறோம்?

நானும் சண்டை பார்க்கத்தான் போகிறேன். ஆனால் எனக்கு அந்தச் சண்டை வலிக்க வேண்டும். ‘டை ஹார்டு’ எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கதாநாயகன் விமானத்தில் வந்த அலுப்புக்கு, யாரோ சொன்ன யோசனைப்படி, ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரைவிரிப்பில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் கட்டடத்துக்குள் துப்பாக்கிச் சூடு ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் படம் முழுக்க வெறுங்கால். வில்லன் அந்தக் காலைப் பார்த்துவிடுகிறான், கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். அடுத்து கழிவறைத் தரையில் உட்கார்ந்து, பாதத்தில் குத்தியிருக்கும் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, முகம் பார்க்காத ஒரு போலீஸ்காரரிடம் வாக்கி டாக்கியில் பேசுவார். குரல் உடையும். வெடிகுண்டுக் காட்சிகள் எத்தனையோ மறந்துவிட்டன, அந்தப் பாதம் மறக்கவில்லை. அந்தப் படத்தின் கதையை எழுதி வைத்தால் அரைப் பக்கம் வரும். ஷூவைக் கழற்றிய அந்த ஒரு நிமிடம்தான் கதை, அது இல்லையென்றால் பின்னால் நடக்கும் எதிலும் நமக்குப் பங்கு இல்லை.

‘ஜான் விக்’ முதல் படம் கொல்லப்பட்ட ஒரு நாய்க்குட்டியால் ஓடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். நான் இன்னொன்றையும் சொல்வேன். ஜான் விக் துப்பாக்கியில் தோட்டா தீரும். ஒருவனைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் தோட்டா மாற்றுவார். இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர், அடிபடுகிற உடம்பு எப்படி மூச்சு வாங்கும் என்று தெரிந்தவர். தோட்டா தீரும் என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மதிப்பு.

கேள்வி: ஸ்டண்ட் கலைஞர்களுக்கு ஆஸ்கர் உண்டா?

இதுவரை இல்லை. 2025 ஏப்ரலில் அறிவித்திருக்கிறார்கள்: 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028-ல் நடக்கும் நூறாவது விழாவில் முதல் முறையாக ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது. எலும்பு முறிந்தவர்கள் எத்தனையோ பேர் இதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். இவ்வளவு தாமதம் நியாயமே இல்லை.

கேள்வி: ரசிகர்கள் சொல்கிறபடி எடுத்தால் கேம் படங்கள் ஜெயிக்கும்தானே? சோனிக்கைப் பாருங்கள்.

சோனிக் விஷயத்தில் ரசிகர்கள் சொன்னது சரி. 2019 ஏப்ரல் கடைசியில் வந்த டிரெய்லரில் சோனிக்குக்கு, அதாவது கேமில் வேகமாக ஓடும் அந்த நீல முள்ளெலிக்கு, மனிதப் பல் இருந்தது, சின்னக் கண்கள் இருந்தன, பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருந்தது. சில நாட்களிலேயே இயக்குநர் மாற்றுகிறோம் என்று அறிவித்து, நவம்பரில் வர வேண்டிய படத்தை அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளி வைத்து, பாத்திரத்தை மறுபடி வடிவமைத்தார்கள். 30 கோடி டாலருக்கு மேல் வசூல். இதிலிருந்து ‘ரசிகர் சொன்னால் செய்’ என்று ஒரு பாடம் எடுத்துக்கொண்டால் அது அரைகுறைப் பாடம். ரசிகர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். அதற்கு மருந்து என்ன என்பது பெரும்பாலும் தெரியாது.

‘ஹேலோ’ சீரிஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்தது, முதல் பகுதியிலேயே கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். நடிகரின் முகம் தெரியாமல் எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று தயாரிப்பாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ரசிகர்களின் கோபம் வெறும் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. இருபது வருடமாக அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தது அவர்கள் முகம். அதைக் கழற்றி உள்ளே வேறொருவரைக் காட்டினால் ‘அப்போ நான் யார்?’ என்ற கேள்வி வரத்தான் செய்யும். இரண்டு சீசனோடு நின்றுவிட்டது. 2012-ல் வந்த ‘டிரெட்’ காமிக்ஸிலிருந்து எடுத்த படம், கார்ல் அர்பன் கடைசி வரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வெறும் தாடையையும் குரலையும் வைத்துக்கொண்டு நடித்தார். முடியும் என்றால் முடியும்.

கேள்வி: உங்கள் வினைச்சொல் கணக்கு தப்பு. ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில் இருந்த பயம் படங்களில் சுத்தமாக இல்லை. ஆனாலும் ஆறு படம் ஓடியதே?

நல்ல அடி. யோசிக்க வைத்தீர்கள். அந்தக் கேமில் கையில் நாலு தோட்டாதான் இருக்கும், ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் வயிறு கலங்கும். படங்களின் நாயகி ஆலிஸ் கேமிலேயே கிடையாது, அவள் பயப்படுகிற ஆளும் கிடையாது. 2002 முதல் 2016 வரை ஆறு படம், மொத்தம் 120 கோடி டாலருக்கு மேல். கேமின் வினைச்சொல்லை விட்டுவிட்டவர்கள் சொந்தமாக ஒரு வினைச்சொல்லைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் படத்தில் லேசர் கதிர்கள் நகர்ந்து வரும் அந்த நடைவழியை நினைத்துப் பாருங்கள். 2005-ல் வந்த நாலாவது கேமிலேயே அதே மாதிரி ஒரு லேசர் நடைவழி வந்தது. படம் கேமுக்குக் கடன் கொடுத்த அபூர்வம் அது. ஆக என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்: கேமின் வினை வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடாக ஒன்று வேண்டும். இரண்டும் இல்லாதபோதுதான் 2024-ன் ‘பார்டர்லேண்ட்ஸ்’ மாதிரி ஆகிறது. 11 கோடி டாலருக்குக் குறையாத செலவு, சுமார் 3.3 கோடி வசூல்.

‘வார்கிராஃப்ட்’ கேமை வைத்து எடுத்த படத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். உலகம் முழுக்க 43 கோடி டாலருக்கு மேல், அதில் பாதி சீனாவிலிருந்து வந்தது, அமெரிக்காவில் 5 கோடிகூடத் தொடவில்லை. அடுத்த பாகம் இன்றுவரை வரவில்லை.

கேள்வி: ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக வந்தது? சீரிஸ் என்பதாலா?

நேரம் கிடைத்தது ஒரு காரணம். கேமை எழுதிய நீல் டிரக்மேனும் ‘செர்னோபில்’ சீரிஸ் எழுதிய கிரெய்க் மேசினும் சேர்ந்து உட்கார்ந்தது இன்னொரு காரணம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, எதை விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2013 கேமில் பில் என்பவரின் ஊருக்குப் போகும்போது நீங்கள் பொறிகளைத் தாண்டி, சுட்டு, ஓடித் தப்பிக்க வேண்டும். அவரது துணைவர் ஃபிராங்க் ஏற்கெனவே இறந்துபோயிருப்பார், அவர்கள் உறவைப் பற்றி ஒன்றிரண்டு குறிப்புதான் கிடைக்கும். சீரிஸின் மூன்றாவது பகுதியில் அந்த ஓட்டத்தையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு பேர் பல வருடம் சேர்ந்து வாழ்ந்து முடிக்கும் கதையை வைத்தார்கள். கேமில் நம்மை அந்த உலகத்தோடு கட்டிப்போட்டது ஓட்டம். பார்க்க மட்டும் முடிகிற இடத்தில் கட்டிப்போட அன்பு தேவைப்பட்டது.

கடைசியில் வரும் மருத்துவமனையையும் சொல்ல வேண்டும். கேமில் அங்கே கதாநாயகன் ஜோயலாக நீங்கள்தான் சுட வேண்டும். வேண்டாம் என்று நின்றால் கதை நகராது, உங்கள் விரல் அழுத்தினால்தான் அங்கிருக்கும் மருத்துவர் சாவார். இந்தக் குற்றத்தை சீரிஸில் நம் தலையில் கட்ட முடியாது. அதனால் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கிவிட்டு, துக்கமான இசையை மேலே ஓட விட்டு, ஜோயல் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போவதை நம்மைப் பார்க்க வைத்தார்கள். நமக்குப் பிடித்த மனிதன், நாம் தடுக்க முடியாத தூரத்தில். உடம்பில் வேறு இடத்தில் வலிக்கிறது, ஆனால் வலிக்கிறது.

‘ஃபால்அவுட்’ வேறு வழியில் போய் ஜெயித்தது. 2024-ல் வந்தது, கேமின் கதையைத் தொடவே இல்லை, அதே உலகத்தில் புது ஆட்களை இறக்கிவிட்டார்கள். அந்தக் கேமில் நாம் செய்வதெல்லாம் அலைவது, போகிற வழியில் வேறெதிலோ மாட்டிக்கொள்வது. சீரிஸும் அலைகிறது.

கேள்வி: படமாகவே எடுக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கும் கேம் ஏதாவது உண்டா?

உண்டு. ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’, 2005-ல் வந்தது, ஃபுமிட்டோ உவேடா உருவாக்கியது. இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் 16 பூதங்களைக் கொல்ல வேண்டும். மலை மாதிரி இருக்கும் அவை. வேறு எதிரியே கிடையாது, பரந்த வெட்டவெளியும் ஒரு குதிரையும் மட்டும். பூதத்தின் உடம்பில் வளர்ந்திருக்கும் ரோமத்தைப் பிடித்து ஏற வேண்டும். பிடிக்க, கண்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்தி, விடாமல் வைத்திருக்க வேண்டும். பூதம் உதறும். விரலை எடுத்தால் விழுந்துவிடுவான். அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதும் என் விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதும் ஒரே செயல், இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

குத்தி முடித்ததும் பூதம் மெதுவாகச் சரியும். வெற்றி இசை வராது, சோகமான இசை வரும். அவற்றில் பெரும்பாலானவை நாம் போய்த் தொந்தரவு செய்யும் வரை சும்மா இருந்தவை. ஒவ்வொன்றும் விழ விழ அந்த இளைஞனின் முகம் வெளிறிக்கொண்டே போகும். படமாக எடுத்தால் இசையும் இருக்கும், வெட்டவெளியும் இருக்கும், பூதங்கள் இன்னும் பெரிதாகவே இருக்கும். கொன்றது மட்டும் அவனாகிவிடும்.

நான் அதை விளையாடிய காலத்தில், ஐந்தாவது பூதமோ ஆறாவதோ, விழுந்த பிறகு கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அறையில் வெளிச்சம் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆள்காட்டி விரலின் நுனி சிவந்து, பொத்தானின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.